மணலுக்கு டர்போ கேட்டவன்

டர்போ எப்படிப் பூட்டுவது, எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்று அறிவதற்காக இதை வாசிக்கத் தொடங்கினீர்கள் என்றால், தம்பிமாரே, இப்போதே மூடிவைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அதெல்லாம் உங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடக்கிறது. இப்போது கராஜுகளில் பெண்பிள்ளைகளும் ஸ்பானர் பிடிக்கிறார்களாம். சந்தோசம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"என்ரை ஜீப்புக்கு டர்போ நல்லதோ, சூப்பர்சார்ஜர் நல்லதோ?" என்று ஒருவன் வந்து கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். அவனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவன் போகிற பாதையை ஒருதரம் போய்ப் பாருங்கள். நான் அப்படிப் போய்ப் பார்த்ததால் ஒரு வேலையை இழந்தேன். யாழ்ப்பாணத்தில் முதல் டர்போ ஜீப்பை ஓடவிட்டவன் என்ற பெயரையும் இழந்தேன். அதைப்பற்றி எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. உரும்பிராயில் எனக்குக் கிடுகால் வேய்ந்த ஒரு கராஜ் இருந்தது. கூடவே நீர்வேலிப் பொன்னுத்துரை. கடைசல் இயந்திரத்தில் அவனுக்கு நிகர் ஆள் இல்லை, வாயிலும் இல்லை. வேலை நேரத்தில் கை ஓடுவதைவிட வாய் கெதியாக ஓடும்.

எங்களிடம் வரும் வாகனங்களில் ஒன்று தாசனுடைய டீசல் ஜீப். தாசன் யாழ்ப்பாணப் பட்டினக் கரையில் உள்ள குருநகர்க்காரன். கலியாணம் கட்டியது வடமராட்சி கிழக்கில், தார் ரோட்டை விட்டு மணலுக்குள் வெகுதூரம் போய்க் கடலோடு ஒட்டிக் கிடக்கும் ஓர் ஊரில். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, வீடு பெண்ணின் சீதனம், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டும். அவனும் போனான். அந்தக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களிடம் மீனை எடுத்து, ஜீப்பில் போட்டு யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுவருவது அவனுடைய தொழில்.

ஒருநாள் தாசன் ஒரு படப் புத்தகத்தோடு வந்தான். அவனுடைய தம்பி எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனிக்குப் போனவன். அங்கிருந்து லீவில் வந்த ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். அதில் இரண்டு படங்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. ஒன்று டர்போ, மற்றது சூப்பர்சார்ஜர்.

"அண்ணை, உதிலை எது நல்லது? நீங்கள் எதைச் சொல்லுறியளோ அதைத்தான் தம்பி காசு குடுத்து வேண்டி அனுப்புவான். வந்தவர் இன்னும் கொஞ்ச நாளிலை திரும்பப் போறார். அதுக்கிடையிலை சொல்லவேணும்."

"உனக்கு இப்ப உது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"இழுவை காணாது அண்ணை. மணலுக்கை புதைஞ்சு போகுது."

பொன்னுத்துரை கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்து புத்தகத்தைப் பறித்தான். "டர்போதான்! வேறை கதையே இல்லை. இந்தக் குடாநாட்டிலை முதல் டர்போ ஜீப் எங்கடை கராஜிலை இருந்து வெளிக்கிட்டால், பேந்து ஆர் எங்களைப் பிடிக்கிறது?"

எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. அந்தப் படத்தை இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். புதுச் சாமானைக் கண்டால் மெக்கானிக்கின் கை சும்மா இருக்காது. உங்களுக்கும் அந்த நோய் இருக்கும். இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இந்த எண்ணெய்க்குள்ளும் கரிக்குள்ளும் ஒருவன் காலம் தள்ள முடியாது.

இரண்டுமே எஞ்சினுக்குள் காற்றை அடித்து ஏற்றுகிற சாமான்கள். டர்போ எஞ்சின் கக்கும் புகையின் வேகத்தில் சுழலும். மெதுவாக ஓடும்போது படுத்துக் கிடக்கும், எஞ்சின் வேகம் ஏறியதும் திடீரென்று எழும்பி உதைக்கும். சூப்பர்சார்ஜரை எஞ்சினே ஒரு பெல்ற்றால் சுழற்றும், அதனால் தொடக்கத்திலிருந்தே இழுவை கிடைக்கும். மணல் என்றால் சூப்பர்சார்ஜர் என்று புத்தகம் படித்த எவனும் சொல்லிவிடுவான். நானும் அப்படிச் சொல்லத்தான் இருந்தேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. "ஆழமறியாமல் காலை விடாதே" என்பார்களே. ஒரு வெள்ளிக்கிழமை, "வா, உன்ரை பாதையைக் காட்டு" என்று அவனோடு ஏறினேன்.

தார் ரோடு முடிந்தது. சோளகம் வீசத் தொடங்கிவிட்டால் அங்கே பாதை ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். நேற்றுப் போன தடத்தைக் காற்று மணலை அள்ளி மூடிவிடும். தாசன் மீன்விலையையும் தம்பியின் சேதிகளையும் கதைத்துக்கொண்டு நன்றாகத்தான் ஓட்டினான். ஓரிடத்தில், இரண்டு தாழைப் பற்றைகளுக்கு நடுவே பாதை இறங்கும் இடத்தில், திடீரென்று கதையை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்னடாப்பா, மணலுக்கை சேர்ச் ஏதும் புதைஞ்சு கிடக்கோ?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "போன வருசம் இதிலைதான் அண்ணை புதைஞ்சது. என்ரை மனிசி ஸ்ரெல்லா பின்னாலை பிள்ளை நோவிலை கிடந்தவள். கையாலை மணலைக் கிண்டிக் கிண்டி எடுத்து, தார் ரோட்டுக்கு ஏறேக்கை பிள்ளை பிறந்திட்டுது. பெடியன். சத்தம் இல்லை."

என் வாயில் நானே ஒரு அறை விடலாம் போலிருந்தது. அவன் தொடர்ந்து சொன்னான், "இப்ப அவளுக்குத் திரும்பவும் பிள்ளை. ஆவணியிலை. எஞ்சினுக்கு மட்டும் கொஞ்சம் இழுவை இருந்திருந்தால் அண்ணை, என்ரை பிள்ளை இண்டைக்கு நடந்து திரியும்."

மீனுக்காக டர்போ கேட்கிறான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சொல்லிக்கொண்டே மிதித்தான். அந்த இறக்கத்தில் இறங்க இறங்க அவன் முகம் மாறியது, கால் இன்னும் இறங்கியது. எஞ்சின் கத்தியது. சில்லு சுழன்று மணலை வாரி இறைத்தது. நான் "மெல்ல" என்று வாயெடுப்பதற்குள் ஜீப் பின்பக்கமாய்க் குந்திவிட்டது. அதே இடம்.

மண்வெட்டியை எடுத்து இருவரும் கிண்டினோம். கிண்டும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எஞ்சினுக்கு இழுவை காணாமல் அந்த ஜீப் புதையவில்லை. இழுவை அளவுக்கு மேலேயே இருந்தது. ரயர் கல்லுப்போலக் காற்று நிரம்பி, மணலில் பரந்து படாமல் கத்திபோல வெட்டியது. அதற்கு மேலே அவன் பயத்தில் மிதித்த மிதி. மிதிக்க மிதிக்கச் சில்லு தனக்குத் தானே குழி தோண்டியது. இதற்கு டர்போ பூட்டினாலும் சூப்பர்சார்ஜர் பூட்டினாலும் ஒன்றுதான், குழி இன்னும் கெதியாகத் தோண்டும்.

அதாவது, போன வருசம் அந்த ஜீப்பைப் புதைத்தது எஞ்சின் இல்லை. அவனுடைய கால்.

ஊருக்குப் போனோம். தாசனுடைய மனைவி ஸ்ரெல்லா, வயிறு கொஞ்சம் தெரியத் தொடங்கியிருந்தது, சோறு போட வந்தாள். மீன் குழம்பு மணம் முற்றம் வரை வந்தது.

"பிள்ளை, இண்டைக்கு வெள்ளி. நான் சைவம்," என்றேன்.

"எங்களுக்கும் வெள்ளி எண்டால் இறைச்சி இல்லை அண்ணை. அதுதான் மீன்," என்று சிரித்தாள். பிறகு எனக்கென்று பருப்பும் கத்தரிக்காயும் தனியாகச் சமைத்தாள்.

தாசன் வலையைப் பார்க்கக் கரைக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"புதைஞ்சதோ அண்ணை?"

"ஓம்."

"அதே இடமோ?"

"ஓம் பிள்ளை."

கரைப்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். "அண்டைக்கு நான் பின்னாலை கிடந்தனான். இவர் மிதிக்க மிதிக்கச் சில்லு கீழை போறது எனக்கு முதுகிலை தெரிஞ்சுது. மெல்ல, மெல்ல எண்டு கத்தினனான். அவருக்குக் கேக்கேல்லை. எஞ்சினிலைதான் பிழை எண்டு மனிசன் நம்பிக்கொண்டிருக்குது அண்ணை. அந்த நம்பிக்கையிலைதான் எழும்பி நடமாடுது. நீங்கள் எஞ்சின் தெரிஞ்ச ஆள். பாத்த உடனை கண்டுபிடிச்சிருப்பியள். மாதாவாணை, அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

தலையை ஆட்டினேன். பேச்சை மாற்றுவதற்காகவே கேட்டேன், "ஏன் பிள்ளை, மாதம் கிட்டினதும் குருநகருக்குப் போய் மாமி வீட்டிலை இருக்கலாமே? ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்."

"மாமியோ?" அவள் முகம் சிவந்தது. "என்ரை பிள்ளையைப் புதைச்ச அண்டைக்கு என்ன சொன்னவ தெரியுமே? 'மணல்காட்டுக்கை என்ரை மகனைக் கொண்டுபோய் வச்சிருக்கிறாள், அதுதான்' எண்டவ. எனக்கு என்ரை வீடு இருக்கு அண்ணை. அவவின்ரை படலையிலை போய் நான் ஏன் நிக்கோணும்?"

மாமி மருமகள் விசயத்தில் தலையிட எனக்கென்ன விசரா?

திரும்பி வந்து ஒரு கிழமைக்குள் தாசன் கராஜில் நின்றான். ஜேர்மனியிலிருந்து லீவில் வந்தவர் அடுத்தநாள் புறப்படுகிறார். பதில் வேண்டும்.

"ரெண்டும் வேண்டாம்," என்றேன்.

பொன்னுத்துரை கையில் இருந்ததைக் கீழே போட்டான். தாசன் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

"பகிடி இல்லை. உன்ரை எஞ்சின் பழசு, றிங் தேஞ்சு போச்சு. எதைப் பூட்டினாலும் காத்தை அடிச்சுத்தான் ஏத்தும். ஏத்தினால் ஒருநாளைக்கு ஹெட் கஸ்கெட் போய் எஞ்சின் நடுவழியிலை நிண்டிடும். எண்டைக்குப் போகும் எண்டு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மீன் ஏத்துற நாளிலை போனால் மீன்தான் நாறும். அந்தர அவசரமான நாளிலை போனால்? பெல்ற் அறுந்தால் ஜேர்மனிக்கு ஆரை அனுப்புறது? டீசல் மிச்சம் பிடிக்க எண்டு நீ வாசலுக்கு வர முன்னமே எஞ்சினை நிப்பாட்டி உருட்டிக்கொண்டு வாற ஆள். சூட்டோடை அப்பிடி நிப்பாட்டினால் டர்போ எண்ணெய் இல்லாமல் உள்ளுக்கை கருகிப்போகும்."

சொன்னது எல்லாம் உண்மை. எங்கள் சாரதிமார் அத்தனை பேருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. டீசல் கிடைக்காத காலம், யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் முக்கியமான காரணம் என் தொண்டைக்குள் கிடந்தது.

தாசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ரை தம்பி பனியிலை நிண்டு, கண்டவன் திண்ட கோப்பையைக் கழுவி உழைச்சுத் தாறன் எண்டுறான். வேண்டாம் எண்டு சொல்ல உங்களுக்கு வாய் கூசேல்லையோ? பூட்டத் தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லுங்கோ!"

பொன்னுத்துரை சும்மா இருப்பானா? "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்று எனக்குக் கேட்கும்படியாகவே முணுமுணுத்தான்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். பூட்டத் தெரியாதென்றா என்னைப் பார்த்துச் சொல்கிறான்? அந்த ஒரு நிமிடத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும், நான் வென்றுவிடுவேன். "உன்ரை ஜீப்பைப் புதைச்சது உன்ரை கால்தானடா" என்றால் அவன் வாய் மூடிவிடும். அதற்குப் பிறகு அவன் திறக்கவே மாட்டான். நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டேன். "ஓமடாப்பா, எனக்குத் தெரியாது எண்டே வச்சுக்கொள்," என்றேன். அவன் ஜீப்பை உறுமவிட்டுக்கொண்டு போனான். பொன்னுத்துரை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அதில் கராஜுக்குக் கொஞ்சம் நிம்மதி.

பிள்ளைகளே, எங்கள் தொழிலில் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கெட்டித்தனம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. கண்டுபிடித்ததை எவ்வளவு சொல்வது, யாருக்குச் சொல்வது என்பது மற்றப் பாதி. பிரேக்கில் பிழை என்றால் வீதியில் நின்று கத்திச் சொல்லுங்கள். அதில் தாட்சணியம் பார்க்கக் கூடாது. ஆனால் முடிந்துபோன ஒரு பிழையை, திருத்தவே முடியாத ஒன்றை, உடையவனின் தலையில் இறக்கி வைப்பதற்கு எவனும் எங்களுக்குச் சம்பளம் தருவதில்லை.

அப்படியென்று அவனை அதே மாதிரி மணலுக்குள் ஓடவும் விட முடியாது. ஆவணி வருகிறது. அதுதான் எனக்குப் பெரிய யோசனை. பழையதைக் கிளறாமல் புது ஓட்டத்தை எப்படிப் படிப்பிப்பது?

சில நாள் கழித்துத் தாசன் தானாகவே வந்தான். கோபம் போய், குழம்பிப்போய் நின்றான்.

"அண்ணை, ஸ்ரெல்லா குருநகருக்கு, மாமி வீட்டை போய் இருக்கப்போறன் எண்டு நிக்கிறாள்! தானாவே! பொழுது மேற்கிலை உதிச்ச மாதிரிக் கிடக்கு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்த இறக்கத்தில் இன்னொரு தரம் அவனை அப்படி ஓடவிடக் கூடாது என்று அவள் முடிவெடுத்திருக்கிறாள். அவனுக்காகவே மாமி வீட்டு வாசல் படலையைத் திறக்கத் துணிந்துவிட்டாள். சொல்லப்போனால், டர்போவா சூப்பர்சார்ஜரா என்ற கேள்விக்குச் சரியான பதிலை அவள்தான் கண்டுபிடித்தாள்.

எனக்கும் ஒரு வழி தட்டுப்பட்டது. "தம்பியின்ரை காசிலை கொழும்பிலை இருந்து அகல ரயர் எடு. ஆனால் ஒண்டு, அந்த ரயருக்கெண்டு ஒரு ஓட்டம் இருக்கு. மணல் தொடங்கிற இடத்திலை காத்தை நல்லா இறக்கவேணும். கீழ்க் கியரிலை போட்டு, முட்டைக்கு மேலை கால் வைக்கிற மாதிரி மிதிக்கவேணும். உறுமவிட்டால் அந்த ரயர் பழுதாப்போகும்," என்றேன்.

பழுதாகாது. ரயர் விலை கூடியது என்றால் அவன் காலைப் பார்த்து வைப்பான் என்று எனக்குத் தெரியும்.

ரயர் வந்தது. ஆடி கழியுமுன் ஸ்ரெல்லாவைக் குருநகருக்குக் கொண்டுபோகிற அன்று, ரயரைப் பார்க்க வேண்டும் என்று சாட்டுச் சொல்லி நானும் போனேன். அவள் பின்னால் தலையணையோடும் ஒரு பெட்டியோடும் இருந்தாள். கையில் செபமாலை. அவன் காற்றை இறக்கினான். மெல்ல எடுத்தான். அந்த இறக்கம் வந்தது. சிலுவை போட்டான், ஆனால் கால் பதறவில்லை. ஜீப் வெண்ணெயில் போகிறது போல ஏறி வெளியே வந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் தாசன் இறுகின நிலத்துக்கு வந்ததும் ஜீப்பை நிறுத்திவிட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முன்னால் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணை, அண்டைக்கும் நான் காத்தை இறக்கி, உப்பிடி மெல்ல மிதிச்சிருந்தால்..."

முடிக்கவில்லை. பின்னால் செபமாலை உருளும் சத்தம் நின்றுவிட்டது.

"பதறாத காரியம் சிதறாது" என்ற பழமொழி நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன். யோசித்துக்கொண்டு நின்றால் அந்த யோசனையே அவனுக்குப் பதிலாகிவிடும். உடனே சீறி விழுந்தேன்.

"விசர்க் கதை கதையாதை! அண்டைக்கு இருந்தது ஒடுக்க ரயர். அதிலை காத்தை இறக்கினால் ரிம்மை விட்டுக் கழண்டு போகும். நடு மணலிலை சில்லும் இல்லாமல் நிண்டிருப்பாய். அந்த ரயரோடை அண்டைக்கு ஆர் ஓடியிருந்தாலும் புதைஞ்சுதான் இருக்கும். நான் ஓடியிருந்தாலும் புதைஞ்சுதான் இருக்கும்."

ஒடுக்க ரயரிலும் அளவாகக் காற்றை இறக்கி மணலில் ஓடலாம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாகனம் பற்றி ஒரு வாடிக்கையாளனிடம் நான் தெரிந்தே சொன்ன பெரிய பொய் அது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், இதே சூட்டோடு. தாசன் இப்போது உயிரோடு இல்லை. "எழுதுங்கோ அண்ணை, தொழில் பழகிற பிள்ளையள் அறியட்டும்" என்று ஸ்ரெல்லா சொன்னபடியால்தான் எழுதுகிறேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நம்பினானா, நம்ப விரும்பினானா, எனக்குத் தெரியாது. பெரிய மூச்சு ஒன்று விட்டான். பின்னாலிருந்து ஸ்ரெல்லா சொன்னாள், "வெயில் ஏறுது, எடுங்கோவன். மாமி சமைச்சு வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருப்பா."

ஆவணியில் ஒரு மத்தியானம் தாசன் கராஜுக்குள் வந்தான். சைக்கிளில் வந்திருந்தான். வேர்த்து ஒழுகியது.

"பெட்டைப் பிள்ளை அண்ணை! ரெண்டு பேரும் சுகம்."

பொன்னுத்துரை கத்திய கத்து ரோட்டுக்குக் கேட்டது. "ஜீப் எங்கையடா? புது ரயர் எப்பிடி ஓடினது?" என்று கேட்டேன்.

"ஜீப்போ?" என்றான். "அவளுக்கு நோ எடுத்த உடனை நான் ஜீப்பை ஸ்ரார்ட் பண்ணத் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினனான் அண்ணை. 'என்னத்துக்கு உது? உந்தா கிடக்கு ஆஸ்பத்திரி, நடப்பம்' எண்டிட்டாள். மாமியும் மருமோளும் கையைப் பிடிச்சுக்கொண்டு ஆறுதலா முன்னாலை நடக்கினம். நான் ஜீப் திறப்பைக் கையிலை பொத்திக்கொண்டு பின்னாலை போறன். றோட்டிலை எல்லாரும் பாத்துச் சிரிக்கினம்."

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அங்கே கிடந்த பழைய ரயர் ஒன்றின் மேல் இருந்தான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். போன வருசம் அழாததையும் சேர்த்து அழுகிறான் என்று எனக்கு விளங்கியது.

பொன்னுத்துரை ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கராஜ் வாசலில் நின்றேன். அன்றைக்கு வந்த வாகனங்களை எல்லாம் பின்னேரம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினோம்.